காக்கர் ஸ்பேனியலுக்கு எண்ணெய்க் குளியல்

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் திரிந்த நாய்கள் எதுவும் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் குளித்ததில்லை. மழை பெய்தால் நனையும், வெயில் அடித்தால் காயும், அவ்வளவுதான் அவற்றின் சுத்தபத்தம். மீன் ஏலக் கூடத்தில் படுத்துப் புரண்டுவிட்டு வந்து நம் காலை உரசிக்கொண்டு போகும். மீன் நாறுமே தவிர நாய் நாறாது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு, ஷாம்பு போட்டு, சீப்பால் வாரி, துண்டால் துடைத்து வளர்த்த ஒரு சீமை நாய் மட்டும் ஏன் ஈரச் சாக்கு மாதிரி நாறுகிறது என்ற கேள்வி வந்தால் கோபம் வராதா? எனக்கு வந்தது. மஸ்கட்டில், ரூவியில் குடியிருந்தபோது ஒரு கோடை முழுவதும் அந்தக் கோபத்திலேயே போனது.

அப்போது நான் ஏசி மெக்கானிக். மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு ஷிஃப்ட் டூட்டி, எனக்குக் காலையிலிருந்து மாலைவரை யாராவது ஒருவருடைய மொட்டைமாடி. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வெள்ளிக்கிழமை லீவில்தான், அதுவும் அவளுக்கு டூட்டி விழாமல் இருந்தால்.

குரம் பக்கத்தில் ஒரு வில்லாவில் வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு ஏசி எல்லாம் என் பொறுப்பு. அவருக்குக் கத்தாரில் ராஸ் லஃபானுக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே கேம்பில் நாயை வைத்துக்கொள்ள முடியாதாம். நான் ஏணியில் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கீழே வந்து நின்று, உன் மனைவிக்கு நாய் பிடிக்குமா என்று கேட்டார். எனக்குப் பிடிக்குமா என்று கேட்டிருந்தால் பிடிக்காது என்று சொல்லி அங்கேயே முடித்திருப்பேன். மனைவிக்குப் பிடிக்குமா என்று கேட்டால் எந்தப் புருஷன் தன்னிச்சையாகப் பதில் சொல்வான்? கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

வந்தது காக்கர் ஸ்பேனியல். தேன் நிறம். உடம்பெல்லாம் அலை அலையாக முடி, இரண்டு பக்கமும் தாடைக்குக் கீழே தொங்கும் காது, எப்போதும் யாரோ திட்டிவிட்ட மாதிரி ஒரு பார்வை. அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. அது என் வாயில் நுழையவில்லை. "ஏல" என்று கூப்பிட்டேன், வந்துவிட்டது. அதோடு பெயர் விஷயம் தீர்ந்தது.

முதல் வாரமே வீட்டில் ஒரு வாடை. பழைய துணி, புளித்த மாவு, இரண்டும் கலந்தது. நாய் வீட்டில் நாய் வாடை இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். நாளாக ஆக, கதவைத் திறந்ததும் நமக்கு முன்னால் அது வந்து வரவேற்க ஆரம்பித்தது.

கீழ்த் தளத்தில் கட்டடத்தின் சொந்தக்காரர் குடியிருந்தார். ஓமானி, வயதானவர். எல்லோரும் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்போம். நல்ல மனிதர். ரூவியில் இத்தனை வருஷம் இருந்ததில் அவருக்கு இந்தியும் வரும், ஓரிரண்டு தமிழ்ச் சொல்லும் வரும். எனக்கு அரபியில் உருப்படியாக இரண்டே சொல்தான் வரும். மாஃபி என்றால் இல்லை, ஃபீ என்றால் உண்டு. ரூவியில் பாதி வாழ்க்கையை இந்த இரண்டிலேயே ஓட்டிவிடலாம்.

ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கையால் மூக்கைத் தொட்டு, பிறகு மேலே எங்கள் கதவைக் காட்டினார்.

"குத்தா ஃபீ?" என்றார், நாய் உண்டா என்று.

"ஃபீ அர்பாப்," என்றேன். பொய் சொல்லலாம் என்றால் அந்த நேரம் பார்த்து அது உள்ளேயிருந்து குரைத்தது.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. மறுநாள் குடும்பத்தோடு சலாலாவுக்குக் கிளம்புகிறாராம். கோடையில் அங்கே சாரல் விழும், மலையெல்லாம் பச்சையாகிவிடும், வசதியுள்ளவர்கள் சீசன் முடியும்வரை அங்கேதான். திரும்பி வரும்போது படிக்கட்டில் இந்த வாடை இருக்கக்கூடாது, இருந்தால் நாய் இருக்கக்கூடாது என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். "குத்தா ஃபீ, ஸ்மெல் மாஃபி. ஓகே. ஸ்மெல் ஃபீ, குத்தா மாஃபி. கலாஸ்." கலாஸ் என்றால் முடிந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு தீர்ப்பை எந்தக் கோர்ட்டும் எழுதாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேற யார்கிட்ட குடுக்க?"

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பர்கா பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பேரீச்ச மரத்தடியில் சங்கிலியில் கட்டிப் போடுவார்கள். அந்த வெயிலில், இவ்வளவு முடியோடு, ஏசி முன்னால் மல்லாந்து படுத்தே பழகிய ஜீவன். அதை நினைக்க எனக்கே பொறுக்கவில்லை. அவளிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "சவத்த விடு, குளிப்பாட்டினா போயிரும்," என்றேன்.

குளிப்பாட்டினோம். சும்மா இல்லை, விடாமல் குளிப்பாட்டினோம். டூட்டி முடிந்து வந்தால் அவள் குளிப்பாட்டுவாள், நான் வந்தால் நான். லெமன் ஷாம்பு, ஆப்பிள் ஷாம்பு, பொடுகு போகிற ஷாம்பு. குளித்த அன்றைக்கு ஆப்பிள் வாசம் வரும். மறுநாள் அழுகின ஆப்பிள் வாசம் வரும். துவட்டிவிட்டு ஜன்னல் ஏசி முன்னால் நிறுத்துவேன். அது கண்ணை மூடி, முதுகு முடி பறக்க நிற்கும். முதுகு நன்றாகக் காயும். எனக்கும் வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி வரும்.

ஷாம்பு கைவிட்ட பிறகுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. தலையில் வாடை, உடம்பில் சூடு, தோலில் அரிப்பு என்றால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு முழுக வைப்பார்கள். பிறந்த பிள்ளைக்கே செய்கிறோம், நாய்க்கு மட்டும் ஆகாதா? அதுவும் அது சொறிந்துகொண்டே வேறு இருந்தது. மஸ்கட் சூடு உடம்பில் ஏறிவிட்டது, வேறொன்றுமில்லை என்று தீர்மானமாகச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழம பொம்பளயளுக்குல்லா? இது ஆம்பள. சனிக்கிழமதான தேய்க்கணும்," என்றாள் மனைவி.

"சனிக்கிழம எனக்கு டூட்டி. வேணும்னா ஒன் ஆஸ்பத்திரில லீவு கேளு, நாய்க்கு எண்ண தேய்க்கணும்னு."

வெள்ளிக்கிழமைதான் நடந்தது. காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இளஞ்சூட்டில் எண்ணெய். உச்சியில் வைத்துத் தட்டி, முதுகு, வயிறு, கால் இடுக்கு என்று ஒரு இடம் விடவில்லை. சின்ன வயதில் எனக்குச் செய்த மாதிரியே காதுக்குள்ளும் இரண்டு சொட்டு விட்டேன். நாய்க்கு அவ்வளவு சுகம். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் தொடையில் சாய்ந்துவிட்டது. ஊற வைத்தோம். ஊறும் நேரத்தில் அது சோபாவில் ஏறிவிட்டது, அது தனிக் கதை. சோபாவுக்கும் அன்று எண்ணெய்க் குளியல்தான்.

சீயக்காய் போட்டு அலசியதும் மனைவி தன் பங்குக்குச் சாம்பிராணி போட்டாள். ஓமானில் சாம்பிராணிக்குப் பஞ்சமா? சலாலாப் பக்கத்து மரத்துப் பால், அசல் சரக்கு. தணலில் போட்டு, துணிக்கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் நாயைப் படுக்க வைக்கப் பார்த்தாள். தலைமுடி நீளமான பெண்கள் குளித்துவிட்டுப் படுப்பது போல அது ஒய்யாரமாகப் படுத்துவிடும் என்று நினைத்தாள் போல. அது தும்மிய தும்மலில் கூடை ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். தணலை நான் மிதித்து அணைத்தேன். கார்ப்பெட்டில் ஒரு ஓட்டை. அதற்குமேல் ஒரு மிதியடியைப் போட்டு மூடிவிட்டோம்.

இந்தச் சடங்கு வெள்ளிக்கிழமைதோறும் நடந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு புது வாசம் பிடித்தது. பெரிய பூசையில் தூபம் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ ஈரச் சாக்கை உலர்த்தினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வேடிக்கை. அந்த வாடைக்குள்ளேயே தூங்கி எழுந்து எங்கள் மூக்கு செத்துப்போயிருந்தது. "இப்ப பரவாயில்லல்லா?" என்பாள். "எவ்வளவோ பரவாயில்ல," என்பேன். இரண்டு பேரும் நாயைத் தடவிக் கொடுப்போம். கை பிசுபிசுக்கும்.

நம் மூக்கை நம்பக்கூடாது, வெளியாள் மூக்கு வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் நான் பேச்சிலர் ரூமில் இருந்தபோது கூட இருந்த இரண்டு நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நெய்மீன் குழம்பு, இறால் வறுவல். வந்தவர்கள் வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினார்கள். பிறகு ஒருவன் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். இன்னொருவன் கைக்குட்டையை எடுத்து, சளி பிடித்திருக்கிறது என்றான். ஜூலை மாதம், மஸ்கட், சளி.

சாப்பிட்டு முடித்ததும் நேராகவே கேட்டேன்.

"வீட்ல ஏதாவது வாட வருதாடே?"

"சேச்சே! வீடு கமகமன்னுல்லா இருக்கு."

"நாய் வாட?"

"நாயா? நாய் இருக்கா?" என்றான் ஜன்னலோரத்துக்காரன். நாய் அவன் செருப்பைக் கவ்விக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

சாப்பாடு போட்ட வீட்டில் குறை சொல்லத் தெரியாத ஜாதி நாம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இந்த ஊரில் உண்மை பேச ஒரு மூக்கு இல்லையா என்று அவர்கள் போன பிறகு கத்தினேன்.

"இருக்கு," என்றாள் மனைவி. "பொய் சொல்ல முடியாத மூக்கு ஒண்ணு இருக்கு."

அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, நாகர்கோவில் பக்கத்துப் பெண், அப்போது மசக்கையாக இருந்தாள். அடுத்த வார்டில் வெங்காயம் நறுக்கினால் இந்த வார்டில் வாந்தி எடுப்பவள். நல்ல பெண், பாவம், விஷயம் எதுவும் சொல்லாமல் டீ குடிக்க வா என்று மனைவி அவளைக் கூட்டி வந்தாள். கதவைத் திறந்தேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அந்தப் பெண் "எக்கா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த சொல் வருவதற்குள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கெட் எடுக்க ஓடினேன், பக்கெட்டில் சீயக்காய்த் தண்ணீர் இருந்தது, அந்த வாடைக்கு இன்னொரு தடவை.

அவளை டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தோம், நாயையும் சேர்த்து. மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது வீட்டில் விளக்கு எரியாமல் இருந்தது போதும், கதவைத் திறந்தால் ஒரு ஆள் ஓடிவர வேண்டும் என்றுதானே கேட்டேன், அதுகூட எனக்கு ஆகாதா என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனியாக இருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்பது அதைவிடத் தாமதமாகத் தோன்றியது. நாய் எழுந்துபோய் அவள் கண்ணீரை நக்கியது. நாற்றம் தாங்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே அதைக் கட்டிப்பிடித்தாள்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாய் டாக்டரிடம் போனோம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், சின்ன கிளினிக் வைத்திருந்தார். மேஜையில் நாயைத் தூக்கி வைத்ததும் அதன் முதுகில் ஒரு விரலை வைத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதென்ன பிசுக்கு? ஆர் இதுக்கு எண்ணெய் பூசினது?"

எனக்குப் பெருமையாக இருந்தது. நான்தான் என்றேன். நல்லெண்ணெய், செக்கில் ஆட்டியது, ஊரிலிருந்து வந்தது என்று கூடுதல் விவரமும் கொடுத்தேன்.

அந்த அம்மா நாயின் காதைத் தூக்கி, உள்பக்கத்தை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"மணந்து பாருங்கோ."

குனிந்து மோந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றத்தால் பாதி, வெட்கத்தால் பாதி. அந்த வாடை எனக்கு எத்தனை வருஷப் பழக்கம்! தண்ணீர் வடியாமல், காற்றுப் போகாமல், இருட்டில் ஊறிப்போன ஏசி ஃபில்டர். அதே சரக்கு. மொத்த மஸ்கட்டுக்கும் அதைச் சுத்தம் செய்து கொடுத்துச் சம்பளம் வாங்கியவன், என் வீட்டில் அதற்கு எண்ணெய் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

"எல்லா நாயின்ர தோலிலயும் எண்ணெய் சுரக்கும்," என்றார் டாக்டரம்மா. "சிலதுக்குக் கொஞ்சம், சிலதுக்குக் கூட. இது தண்ணிக்குள்ளயும் புதருக்குள்ளயும் இறங்கி வேட்டையாட வளர்த்த சாதி, இதுக்கு நல்லாக் கூடச் சுரக்கும். அந்த எண்ணெய் பழசானா மணக்கும். நீங்கள் ஷாம்பு போட்டுப் போட்டுக் கழுவினா, தோல் காய்ஞ்சு போச்சுதெண்டு இன்னும் கூடச் சுரக்கும். அது காணாதெண்டு நீங்கள் வேற ஊத்தியிருக்கிறியள்."

"அப்ப எங்க ஊரு தெரு நாய் நாறாதே டாக்டர்?"

"அதின்ர காது நிமிர்ந்து நிக்கும். காத்துப் போய் வரும். முடி கட்டை. இதுக்குக் காதே மூடி. உள்ளுக்குச் சூடு, ஈரம், இருட்டு. பூஞ்சணம் வளர இதைவிட நல்ல இடம் வேணுமே? இஞ்ச, இந்த உதட்டு மடிப்பையும் பாருங்கோ, எச்சில் தேங்கி நிக்குது. சாப்பாட்டுக்க காது விழுறதோ?"

விழும். தயிர்ச்சோறு வைத்தால் இரண்டு காதும் தயிருக்குள்தான். அழகாக இருக்கிறது என்று நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தோம்.

காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். காதின் உள்பக்க முடியைக் கத்தரித்துவிட்டார். மருந்து ஷாம்பு ஒன்று, அதையும் தான் சொல்லும் நாளில் மட்டும்தான் போட வேண்டும் என்று கண்டித்தார். குளித்தால் காதுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். சாப்பிடும்போது காதைத் தூக்கிக் கட்ட வேண்டும். எண்ணெய்ப் போத்தலை நாயின் கண்ணிலேயே காட்டக்கூடாது. வெளியே வந்ததிலிருந்து மனைவி வீடு வரும்வரை சிரித்தாள். டாக்ஸிக்காரர் கண்ணாடி வழியாகத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். என் பழைய சாக்ஸின் நுனியை வெட்டி, குல்லா மாதிரி அதன் தலையில் மாட்டி, இரண்டு காதையும் உள்ளே திணித்துவிட்டுத்தான் சாப்பாடு வைப்போம். அதைப் பார்க்க, மூக்கடைப்புக்குத் தலையில் துணி கட்டிக்கொண்ட பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இருக்கும். மருந்து விடும்போது நான் அதைப் பிடித்துக்கொள்வேன், அவள் சொட்டு விடுவாள். தலையை உதறும். மருந்து பாதி அதற்கு, பாதி எனக்கு. சோபா உறையை மாற்றினோம். கார்ப்பெட்டைத் துவைத்தோம், மிதியடியின் கீழே இருந்த ஓட்டையை அப்போதுதான் மறுபடி பார்த்து இருவரும் திட்டிக்கொண்டோம்.

சொறிவது நின்றது. முடி பஞ்சு மாதிரியானது. வாடை போய்விட்டதா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. செத்த மூக்கை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? மறுபடியும் அந்த நாகர்கோவில் பெண்ணைத்தான் கெஞ்சிக் கூப்பிட்டோம். பக்கெட்டைக் காலியாக, தயாராக வைத்திருந்தேன். வந்தாள், உட்கார்ந்தாள், டீ குடித்தாள், வடை சாப்பிட்டாள், இன்னொரு வடை கேட்டாள். நாய் அவள் காலடியில் படுத்திருந்தது. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணாலேயே கொண்டாடினோம்.

"ஒண்ணும் செய்யலயா? மணம் எதுவும் வரலயா?" என்றாள் மனைவி.

"இல்லக்கா. எனக்கு நாலாம் மாசம் பொறந்ததும் எல்லாம் நின்னுட்டு. இப்ப எதும் தெரியாது. நேத்து கக்கூஸ் பக்கத்துல நின்னு சோறு தின்னேன்."

வடை வாயில் இருந்தபடியே எனக்கு விக்கியது. இருந்த ஒரே நேர்மையான மூக்கும் போச்சு.

அர்பாப் எப்போது வருவார் என்று தெரியாது. சலாலாவில் சாரல் எப்போது நிற்கும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். எனக்கு என்ன சலாலா மேல் இவ்வளவு அக்கறை என்று சைட்டில் கிண்டல் செய்தார்கள். ஒவ்வொரு நாளும் டூட்டி முடிந்து வரும்போது கீழே அவருடைய லேண்ட் க்ரூசர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

ஒரு நாள் நின்றது. சேறு அப்பிக்கொண்டு நின்றது. நான் அன்று ஒரு சூப்பர்மார்க்கெட் மாடியில் கம்ப்ரஸர் மாற்றிவிட்டு வருகிறேன். படியில் ஓடினேன். அவர் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், வெள்ளை திஷ்தாஷா அங்கி, தலையில் குல்லா, கையில் சலாலாவிலிருந்து கொண்டுவந்த இளநீர் இரண்டு. மனைவி கதவைப் பாதி திறந்துவைத்து, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. சாக்ஸ் குல்லாவோடு நாய் அவள் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தது.

அர்பாப் வாசல்படியைத் தாண்டவில்லை. நாய் மேலே பட்டால் அவர் தொழுகைக்கு முன் கழுவி மாற்ற வேண்டும், அதனால் அவள் அதன் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, மெதுவாக இழுத்தார். ஒரு தடவை. கொஞ்சம் திரும்பி இன்னொரு தடவை. மாதாவே, மாதாவே என்று என் மனைவியின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் நெற்றி சுருங்கியது. மறுபடி இழுத்தார். பர்கா, பேரீச்ச மரம், சங்கிலி எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் அர்பாப் என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு ஒரு படி மேலே ஏறி அவர் பக்கத்தில் போனேன்.

அவர் சட்டென்று ஒரு அடி பின்னால் போனார். நாயைக் கைகாட்டினார்.

"குத்தா ஸ்மெல் மாஃபி."

பிறகு என் நெஞ்சுக்கு நேராக அந்தக் கையைத் திருப்பினார்.

"தும் ஸ்மெல் ஃபீ. பஹூத் ஃபீ!"

முதலில் சிரித்தது அவர்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மனைவி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆகஸ்ட் வெயிலில் நாளெல்லாம் மொட்டைமாடியில் கம்ப்ரஸரைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தவன் சந்தன மரமாகவா மணப்பான்? வாழ்க்கையில் என்னை யாராவது நாறுகிறாய் என்று சொல்லி அதற்கு நான் "ஷுக்ரன், ஷுக்ரன்" என்று இரண்டு கையும் கூப்பி நன்றி சொன்னது அன்றைக்கு மட்டும்தான். அவர் இளநீரை என் கையில் கொடுத்துவிட்டு, "ஜல்தி, பாத்ரூம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்தினோம். மனைவி நாயின் பட்டையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்னைத் தொடவிடவில்லை. முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்று விரட்டினாள். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு உள்ளே போனேன். சந்தோஷத்தில் அவளுடைய ஷாம்புவையும் போட்டுக் குளித்தேன்.

வெளியே வந்தபோது சட்டை ஹாலின் நடுவில் கிடந்தது. அதன்மேல் நாய் மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கி, முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டுகொண்டிருந்தது. கன்னத்தை வைத்துத் தேய்த்தது. காதை வைத்துத் தேய்த்தது. கோடை முழுவதும் நாங்கள் கழுவி, துடைத்து, மருந்து விட்டுக் காப்பாற்றிய அந்தக் காது! நான் கத்தப் போனேன். மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, குனிந்து அதன் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்தாள்.

"போச்சு," என்றாள். "அச்சு அசல் ஒங்கள மாதிரியே நாறுது."

சொல்லிவிட்டு மூக்கை எடுக்கவில்லை. அப்படியே முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து வந்த நாய் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு நாயானது என்று எனக்குத் தோன்றியது. குளித்துவிட்டு நின்ற நானும் போய் அந்தச் சட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.